என் மனைவியின் மணிக்கட்டு

பொறாமை என்பது பங்காளி மேல் வரும், கூட வேலை பார்ப்பவன் மேல் வரும். எனக்கு என் மனைவி மேல் வந்தது. வந்தது பல வருஷம் தங்கவும் செய்தது.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டிராயிங் மாஸ்டராகப் போனேன். சொந்த ஊர் திண்டுக்கல். மலையில் முதல் வருஷம் முழுக்கக் குளிரைத் திட்டியே கழித்தேன். இரண்டாம் வருஷம் ஒரு சனிக்கிழமை, பூம்பாறைக்கு அந்தப் பக்கம் படம் வரையப் போனேன். அங்கே ஓடைக்குள் ரப்பர் பூட்ஸோடு ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தார். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர். ஸ்காட்லாந்துக்காரர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அவர் கையிலிருந்த மூங்கில் கம்பு முன்னும் பின்னும் போய்வந்தது. அதன் நுனியிலிருந்து கிளம்பிய நூல் அவர் தலைக்குப் பின்னால் நீளமாக விரிந்து, ஒரு நொடி அப்படியே காற்றில் படுத்துக் கிடந்தது. பிறகு முன்னால் வந்து சத்தமே இல்லாமல் தண்ணீரில் இறங்கியது. நான் கோடு போட்டுப் பிழைக்கிறவன். அப்படி ஒரு கோட்டை நான் தாளில்கூடப் போட்டதில்லை. வரைவதை விட்டுவிட்டு, வெயில் இறங்கும்வரை பாறையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பிடித்துக்கொண்டிருந்தது ட்ரவுட். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் எங்கிருந்தோ கொண்டுவந்து மலைத் தண்ணீரில் விட்ட மீன். ஊர்க்காரர்கள் தொரை மீன் என்பார்கள். புழுவைக் குத்திப் பிடிப்பது டாக்டருக்குக் கௌரவக் குறைச்சல். சின்னக் கொக்கி ஒன்றில் இறகையும் பட்டு நூலையும் சுற்றி ஈ மாதிரிச் செய்து, அதை நிஜ ஈ வந்து உட்காருவதைப் போலத் தண்ணீர்மேல் உட்கார வைக்க வேண்டும். மீன் ஏமாந்தால் உண்டு. இல்லாவிட்டால் வெறுங்கையோடு வீடு.

நான் விடாமல் போய் நின்றதைப் பார்த்து, ஸ்காட்லாந்திலிருந்து புதுக் கம்பு வந்ததும் தன் பழையதை டாக்டர் எனக்குக் கொடுத்துவிட்டார். ஈ கட்டுவதில் சீக்கிரம் தேறிவிட்டேன். காட்டுச் சேவலின் கழுத்து இறகில் மெழுகைச் சொட்டிய மாதிரி மஞ்சள் பொட்டுகள் இருக்கும். அதை வைத்து நான் கட்டிய ஈக்களை டாக்டரே கேட்டு வாங்கிக்கொள்வார். வீசுவதுதான் வரவில்லை. நூல் என் காதில் சுற்றும், தொப்பியில் மாட்டும், தண்ணீரில் கல் விழுந்ததைப் போல விழும்.

“வாத்தியாரே, உம்முடைய கை அவசரப்படுகிறது,” என்பார் டாக்டர். பைபிளில் படித்துக் கற்ற தமிழ் அவருடையது.

பள்ளிக்கூட மைதானத்தில் கொக்கி இல்லாமல் வீசிப் பழகினேன். கரும்பலகையில் நூல் போகும் வளைவைப் பத்து விதமாகப் போட்டுப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் நான் பிடித்த மீன்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவற்றில் பாதி, திருப்பி விட வேண்டிய அளவுக் குஞ்சுகள். ஆனால் எனக்கு வருத்தமில்லை. டாக்டரைத் தவிர அந்த மலையில் என் கண்ணுக்குத் தெரிந்து வேறு யாரும் என்னைவிட நன்றாக வீசவில்லை. வேறு யாரும் வீசவே இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

இப்படி இருக்கும்போது எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் ஆயக்குடி. கொய்யாத் தோட்டத்து வீடு. மலைக்கு வந்த முதல் மாதம் முழுவதும் சேலைக்கு மேல் என் கோட்டைப் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கத்திலேயே இருந்தாள். சனிக்கிழமை நான் இருட்டோடு எழுந்து கம்பை எடுப்பது அவளுக்கு விளங்கவில்லை.

“எங்கங்க கெளம்பிட்டீங்க வெள்ளனே?”

“மீன் பிடிக்க.”

“மீனு வேணும்னா சந்தையில கருவாடு கெடக்கு. அதுக்கு இந்தப் பனியிலயா?”

நான் ஈ டப்பாவைத் திறந்து காட்டினேன். இறகு, பட்டு, ஜரிகை. அவள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “அழகாத்தான் இருக்கு. காதுல போட்டுக்கலாம்,” என்றாள்.

வீட்டில் அடைந்து கிடக்கிறாளே என்று ஒரு சனிக்கிழமை கூட்டிப் போனேன். நான் வீசுவதைப் பார்க்கட்டும் என்ற ஆசையும் இருந்தது. பூம்பாறைக்குப் பூண்டு மூட்டை ஏற்றப் போகிற லாரியில் முன்னால் உட்கார்ந்து போனோம். இறங்கி, புல்வெளிச் சரிவில் நடந்து ஓடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பனி விலகியிருந்தது. அவளைப் பாறையில் உட்கார வைத்துவிட்டு நான் வீச ஆரம்பித்தேன். அவள் பார்க்கிறாள் என்பதாலோ என்னவோ, அன்றைக்குக் கை இன்னும் மோசம். கொஞ்ச நேரத்தில் ஈ, எனக்குப் பின்னாலிருந்த காட்டுப் பூவரசுக் கிளையில் மாட்டிக்கொண்டது. மரத்தில் ஏறி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு எடுத்து வந்தேன். காயத்தைக் கழுவுவதற்காகக் கம்பை அவளிடம் கொடுத்தேன்.

“நானும் ஒருக்கா எறிஞ்சு பாக்கட்டுமாங்க?”

“எறியறது இல்லை. வீசறது,” என்றேன்.

முதல் தடவை நூல் அவள் தோளில் விழுந்தது. எனக்கு அதில் திருப்தி. இரண்டாம் தடவையும் சரியாக வரவில்லை. அவள் கம்பைத் தாழ்த்தி, நூலைக் கையில் எடுத்து எடை பார்ப்பவள் மாதிரிப் பார்த்தாள்.

“கவணு மாதிரித்தேன். கல்லு கனம் கைக்குத் தெரியற மட்டும் பொறுக்கணும். இதுல கல்லு இல்ல, நூலே கல்லு.”

கொய்யா பழுக்கும் காலத்தில் கிளி விரட்டுவதற்கு அவர்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் பரண்மேல் கவணோடு நிற்பார்கள் என்று அப்போதுதான் சொன்னாள். ஏழெட்டு வயதிலிருந்து நின்றிருக்கிறாள். சொல்லிக்கொண்டே கம்பைப் பின்னால் கொண்டுபோனாள். நிறுத்தினாள். நூல் பின்னால் முழுசாக விரிந்து படுத்தது. அவள் மணிக்கட்டு மட்டும் முன்னால் அசைந்தது. ஓடையின் அந்தப் பக்கம், பாறை நிழலில் கறுத்துக் கிடந்த மடுவில், நான் மூன்று வருஷமாக எட்ட முயன்ற இடத்தில், ஈ போய் உட்கார்ந்தது.

தண்ணீர் லேசாகச் சுழித்தது. கம்பு வளைந்தது.

“கம்பைத் தூக்கு! நூலை விடு! இல்லை, பிடி!” என்று கத்தினேன்.

அவளுக்கு அதெல்லாம் தெரியாது. கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரைமேல் நேராக நடந்து போனாள். கிணற்றிலிருந்து கமலை இழுக்கிற மாடு மாதிரி. மீன் தண்ணீரைவிட்டுப் புல்லுக்கு வந்து துள்ளியது. முழங்கை நீளம் இருக்கும். பக்கவாட்டில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை.

“அப்படி இழுக்கக் கூடாது,” என்றேன்.

“ஏன், வந்துருச்சுல்ல?”

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவளைப் பாராட்டினேன். வாய் தன்பாட்டுக்குப் பேசியது. உள்ளே என்னவோ புளித்துக்கொண்டு வந்தது. வீட்டில் மிளகாய் அரைத்துத் தடவிப் பொரித்தாள். பக்கத்து வீட்டில் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மா இருந்தார். அவருக்கும் ஒரு துண்டு போனது.

“சார் பிடிச்சதா?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

“நாந்தேன்க்கா!” என்றாள் இவள். அந்தக் குரலில் பெருமைகூட இல்லை. கோலம் போட்டது யார் என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

மீன் நன்றாக இருந்தது. எனக்கு இறங்கவில்லை. “குருட்டு அதிர்ஷ்டம்னு ஒண்ணு இருக்கு,” என்றேன்.

“இருக்கும்,” என்றாள். “முள்ளப் பாத்துச் சாப்பிடுங்க.”

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை என்றாள். துணி துவைக்கிற சோலி இருக்கிறதாம். நான்தான் வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போனேன். அவள் ஆசைக்காக என்று அவளிடம் சொன்னேன். உண்மையில் அவள் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. என் ஈக்களிலேயே சுமாராக வந்த ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். அதில் இரண்டு பிடித்தாள். இரண்டாவதை எடுக்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, “நீங்க கட்டுனது நல்லா வேல செய்யுதுங்க,” என்றாள். உண்மையாகவே சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

நான் அந்த நாட்களில் அவள் கையை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தேன். தோசை திருப்பும்போது, முறத்தில் அரிசி புடைக்கும்போது, கொடியில் துணி வீசும்போது. வளையல் இரண்டு, மணிக்கட்டில் மஞ்சள் கறை. அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. பகலில் யாரும் இல்லாத நேரத்தில் மைதானத்துக்குப் போய், அவள் மாதிரியே தோளை வைத்து, அவள் மாதிரியே பொறுத்து வீசிப் பார்த்தேன். நூல் என் காதைத்தான் தேடி வந்தது.

நர்ஸம்மா வழியாக டாக்டர் காதுக்கு விஷயம் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார்.

“அம்மாள் வீசுவதை நான் காணலாமா?”

மைதானத்துக்குப் போனோம். இவள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கூச்சத்தோடு ஒரு தடவை, கூச்சமில்லாமல் இரண்டு தடவை வீசினாள். டாக்டர் வாயிலிருந்த பைப்பை எடுத்துவிட்டார்.

“வாத்தியாரே, இது கற்பித்து வருவதல்ல,” என்றார். பிறகு அவளிடம், “அம்மாளே, அடுத்த மாதம் நான் மேல் ஏரிக்குப் போகிறேன். நீர் வர வேண்டும். வாத்தியாரும் வரட்டும்,” என்றார்.

மேல் ஏரி பூண்டியையும் தாண்டி, ஜீப் பாதை முடிந்து, சோலைக் காட்டுக்குள் வெகுதூரம் நடந்து போனால் வருவது. டாக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை தனியாகப் போவார். அங்கே கூட்டிப் போகச் சொல்லி நான் வாய்விட்டுக் கேட்டதில்லையே தவிர, வேறு எல்லா விதத்திலும் கேட்டிருந்தேன். அவர் கையால் எனக்கு ஒரு ஈயை மாட்டிவிட்டு, இன்றைக்கு வாரும் என்று சொல்வதை மனசுக்குள் எத்தனையோ தடவை பார்த்திருந்தேன். இப்போது கூப்பிட்டுவிட்டார். வாத்தியாரும் வரட்டும்.

போனோம். சோலையில் அட்டை ஏறியது. பாசி பிடித்த மரங்களுக்கு நடுவே வழி ஏறி ஏறி, திடீரென்று மேலே புல்மேடு. அதன் மடியில் ஏரி. பெரியதில்லை, நாலு பக்கமும் மேடு, ஒரு கரையில் பாறைகள். மேகம் தண்ணீர்மேலேயே வந்து உட்கார்ந்து எழுந்து போனது. டாக்டர் தொப்பியைக் கழற்றினார்.

“எங்கள் தேசத்தில் மலைமேல் இதைப்போல அநேகம் உண்டு. லாக் என்போம். என் தகப்பனார் என்னை நடத்திக்கொண்டு போவார்,” என்றார். அவர் குரல் மாறியதை நான் அன்றுதான் கேட்டேன். இவளோ கரையில் உட்கார்ந்து காலிலிருந்த அட்டைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஏரியின் அந்தக் கோடிக்குப் போனார். எங்களுக்கு ஒரே கம்பு. முதலில் நான் வீசினேன். காற்று எதிர்த்து அடித்தது. ஒன்றும் தொடவில்லை. மத்தியானத்துக்கு மேல் காற்று நின்று, தண்ணீர் தகடு மாதிரி ஆனது. அங்கங்கே வட்டங்கள் கிளம்பின. மீன் மேலே வந்து ஈ தின்கிற நேரம். பாறைக்கு அப்பால் ஒரு வட்டம் மற்றவற்றைவிட நிதானமாக, கனமாக எழுந்தது. முதலில் பார்த்தது நான்தான்.

“அங்க பாருங்க, பெருசு,” என்றாள் அவள்.

“பார்த்துவிட்டேன்.”

நான் வீசினேன். நூல் பாறைக்கு இப்புறமே விழுந்தது. மறுபடி வீசினேன். தோள் வலிக்கும்வரை வீசினேன். வட்டம் அதே இடத்தில், என்னைப் பொருட்படுத்தாமல் எழுந்துகொண்டே இருந்தது. அவள் கம்பைக் கேட்கவில்லை. கடைசியில் நானே நீட்டினேன். “நீ போடு,” என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

“வேண்டாங்க. நீங்களே இன்னொருக்கா போடுங்க.”

“போடுன்னா போடு!”

வாங்கிக்கொண்டாள். பின்னால் ஒரு தடவை, முன்னால் ஒரு தடவை. பாறைக்கு அப்பால், வட்டம் எழுந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஈ இறங்கியது. நான் அந்த நிமிஷம் மனதார வேண்டிக்கொண்டேன், மீன் அதைத் தொடக் கூடாது என்று. பழனி மலைக்கு நேர்ந்துகொண்டிருந்தாலும் அவ்வளவு உருகியிருக்க மாட்டேன்.

மீன் எடுத்தது. இந்தத் தடவை நடந்து இழுக்க முடியவில்லை. நூல் சுற்றிய ரீல் கதறியது. டாக்டர் கரையோரமாக ஓடி வந்தார், அந்த வயதில், பூட்ஸோடு. “விடும், விடும்! இப்போது சுற்றும்!” அவள் டாக்டரைப் பார்த்துச் செய்தாள். நான் டாக்டரின் கைவலையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றேன். குளிரில் பல் கிட்டியது. கடைசியில் மீனை வலையில் அள்ளியது நான்தான். கனத்தில் கை தாழ்ந்துபோனது. டாக்டர் பெட்டி கேமராவை எடுத்தார். அவள் மீனைத் தூக்கிப் பிடித்தாள். “வாத்தியாரே, சற்று விலகி நில்லும். நிழல் விழுகிறது,” என்றார்.

விலகி நின்றேன். அந்தப் படத்தில் மீனும் அவளும், ஓரத்தில் ஈரக் கால்சட்டையின் ஒரு காலும் இருக்கின்றன. டாக்டர் அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். கட்டிய ஈக்களைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கால்சட்டையைப் பார்த்துவிட்டு வருவேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை என்றாள். அதற்கடுத்த வாரமும். எனக்காக விட்டுக்கொடுக்கிறாளோ என்று நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

“நீ வராமல் இருந்தால் நான் பெரிய வேட்டைக்காரன் ஆகிவிடுவேன் என்று நினைப்பா?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரைக் கீழே வைத்தாள்.

“ஒங்களுக்காகன்னு ஆரு சொன்னா? எனக்குச் சலிச்சுப்போச்சு. ஊருல கவணு எறிஞ்சது வெளாட்டுக்கு இல்லீங்க. எறியலன்னா கிளி தின்னுப்புடும். இங்க எதுக்கு எறியறோம்? பொழுது போகவா? எனக்கு வீட்டுலயே பொழுது பத்தல.”

“அந்தப் பெரிய மீன்? அதுகூடவா?”

“அது கெடக்கு. கம்பளி ஒரு சுத்து கொறையுது, பஜாருக்குப் போனா வாங்கியாங்க.”

பிடித்தவனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. பிடிக்கத் தெரிந்தவளுக்கு அது பிடிக்கவில்லை. அவள் என்னைத் தோற்கடித்ததுகூடப் பரவாயில்லை. எனக்குக் கிடைக்காத ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டாளே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அவளிடம் இருந்ததில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் வேலையைக்கூட விட்டிருப்பேன்.

நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பிறந்தார்கள். என் வீச்சு கொஞ்சம் தேறியது. ரொம்பக் கொஞ்சம்.

அறுபதுகளின் நடுவில் டாக்டர் ஊருக்குத் திரும்பினார். மிஷனில் பிரிவு உபசாரம் முடிந்து, எங்கள் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ள வந்தார். கையில் நீளமான துணி உறை. உள்ளே அவருடைய நல்ல கம்பு. பழையதை எனக்குக் கொடுத்த நாளிலிருந்து அவர் வைத்திருந்தது, தேன் நிறத்தில், கணுவெல்லாம் பட்டு நூல் சுற்றியது. நான் எழுந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அடுப்படி வாசலில் நின்ற அவளிடம் நீட்டினார்.

“அம்மாளே, இது உமக்கு. இதை இந்தத் தேசத்தில் வேறு எவருக்கும் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.”

“அய்யோ, எனக்கெதுக்குங்க தொர,” என்று சொன்னாள். ஆனால் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எனக்கு டாக்டர் ஒரு பேனாக் கத்தி கொடுத்தார். நல்ல கத்திதான்.

அவர் போன பிறகு அந்த உறை பீரோவுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. நான் அதைப் பார்க்காமல் ஒரு மழைக்காலத்தை ஓட்டினேன். பிறகு ஒரு நாள், ஏதோ உப்பு கேட்பது போல, “அந்தக் கம்பு சும்மாத்தானே நிற்கிறது,” என்றேன்.

“எடுத்துட்டுப் போங்களேன். நீங்க கேக்கலையேன்னுதான் பாத்தேன்.”

அந்தக் கம்போடு போன மூன்றாவதோ நான்காவதோ தடவை, பூம்பாறை ஓடையின் கீழ்மடுவில் என் வாழ்நாளில் நான் பிடித்ததிலேயே பெரிய ட்ரவுட்டைப் பிடித்தேன். வீச்சு சுத்தமாக விழுந்தது. எப்படி விழுந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. மீனைப் பையில் போடவில்லை. வாயில் நார் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டு லாரியில் வந்து, ஊர் ஏரிப் பக்கமாகப் போகிற குறுக்கு வழியை விட்டு பஜார் வழியாக நடந்தேன். டீக்கடையில் நின்றேன். தேவையில்லாமல் தீப்பெட்டி வாங்கினேன். வீட்டு வாசலில் நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார்.

“அடேயப்பா! தங்கச்சி மறுபடி கிளம்பிட்டாளா?” என்றார்.

“நான் பிடிச்சது!” என்றேன், தெருவே கேட்கும்படி.

“அப்படியா சார், ரொம்ப சந்தோஷம்,” என்று உள்ளே போய்விட்டார்.

இவள் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். மீனை வாங்கி, நாரோடு தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

“பெருசுதேன்,” என்றாள். பிறகு, மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நான் அன்னைக்கு ஏரியில புடிச்சது இதவிட அரைச் சாண் கூட இருக்கும்,” என்றாள்.

எத்தனை வருஷம் ஆகியிருந்தது! அது கெடக்கு என்றவள்.

“அதெப்படி அவ்வளவு சரியாகத் தெரியும்?”

“கையி வெச்சுப் பாத்தேன்ல அன்னிக்கே. வாலு இந்தா, இதுவரைக்கும் வந்துச்சு.” தன் முழங்கைக்கு மேலே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அவள் முகத்தில் அப்போது ஓடிய சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. பஜார் வழியாக மீனைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தவனின் சிரிப்பு அது.

எனக்குப் பொறாமை போகவில்லை. ஆனால் அன்றைக்கு மீன் தொண்டையில் நிற்காமல் இறங்கியது. நடுத்துண்டை எனக்கு வைத்தாள். தலை பிள்ளைகளுக்கு. வாலைத் தனக்கு எடுத்துக்கொண்டு, “உப்புப் போதுமா?” என்று கேட்டாள். போதும் என்றேன்.